குடத்திலிட்ட விளக்கும் குன்றிலிட்ட விளக்கும்

பொதுத் தொண்டரைப் பரிந்துரைத்துப் போற்றும் மரபு – ஒரு வரலாற்று நோக்கு

நிறைகுடம் தளும்பாது என்பது நம் முன்னோர் வாக்கு. உண்மைத் தொண்டர் தம் தொண்டைப் பற்றித் தாமே பேசுவதில்லை. அவ்வாறாயின், தளும்பாத குடம் நிறைந்திருக்கிறது என்பதை ஊரார் எங்ஙனம் அறிவர்? அருகிற் சென்று எட்டிப் பார்த்த ஒருவர் வந்து சொன்னாலன்றி அறிய வழியில்லை. அவ்வாறு எட்டிப் பார்த்து வந்து ஊருக்கும் நாட்டுக்கும் எடுத்துச் சொல்லும் செயலையே நாம் பரிந்துரை என்கிறோம்.

யூபிலி விழாக்களின்போது ஆலயச் சுவர்களிலே சலவைக் கற்கள் பதிக்கப்படுவதை யாவரும் கண்டிருப்போம். நன்கொடை அளித்தோரின் பெயர்கள் அவற்றிலே வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அது முறையே, கொடுத்தவரை நினைவுகூர்வது நன்றியறிதல். ஆயினும் மணல் சுமந்த பெண்களின் பெயர்களும், அநாதைப் பிணங்களை அடக்கம் செய்யத் தோள் கொடுத்த இளைஞர்களின் பெயர்களும், மாலைதோறும் திண்ணையில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியையின் பெயரும் அக்கற்களில் இடம்பெறுவது அரிது. பணத்துக்கு இரசீது உண்டு. உழைப்புக்கு இரசீது இல்லை. எனவேதான் உழைப்புக்கு எவரேனும் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியைச் சொல்லும் உரிமை காலந்தோறும் யார் கையில் இருந்தது, அது எவ்வாறு கைமாறி இன்று நம் கைக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கல்லில் எழுதிய நன்றி

தமிழகத்தில் இம்மரபு மிகத் தொன்மையானது. ஊர்ப் பசுக்களைக் கவர்ந்து சென்ற பகைவரை எதிர்த்தும், ஊரைக் காத்தும் உயிர் நீத்தோர்க்கு நடுகல் எடுப்பது பண்டைய வழக்கம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டவை. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டவை என அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் வீழ்ந்த ஒரு வீரனைக் குறிக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல் இன்னும் வியப்பூட்டுவது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனைப் பற்றிக் கூறுவதோடு, அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் பதிவு செய்கிறது. நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. வாயில்லாச் சீவனாயினும் ஊருக்கு உழைத்ததை மறத்தல் தகாது என்று கருதிய அக்காலத்து மக்களின் மனப்பாங்கு நம்மைத் தலைவணங்கச் செய்கிறது. யார் செய்தார், என்ன செய்தார், எப்போது, எதன் பொருட்டு என்னும் நான்கையும் ஒரு சிறு கல்லில் அடக்கிவிட்டனர். இன்றைய பரிந்துரைப் படிவங்கள் கேட்பதும் இவற்றைத்தான்.

மன்னர் அளித்த சிறப்புகள் வேறு வகையின. படைத்தலைவர்க்கு ஏனாதி, வணிகர்க்கு எட்டி, வேளாளர்க்குக் காவிதி எனப் பட்டங்கள் வழங்கப்பட்டன. ஏனாதிக்கு மோதிரமும் எட்டிக்குப் பொற்பூவும் உடன் வழங்கப்பட்டதாக அறிகிறோம். இங்கே சாட்சி சொன்னவர் ஊரார் அல்லர், அரசவை. ஆக, ஒரு புறம் ஊரார் தாமே எடுத்த கல், மறுபுறம் அரசன் விரும்பி அளித்த பட்டம் என இரு நெறிகள் தொடக்கத்திலேயே நம்மிடையே இருந்தன. பிற்காலத்தில் இரண்டாவது நெறியே ஓங்கி, முதல் நெறி மங்கலாயிற்று.

கலெக்டரின் கையில் எழுதுகோல்

ஆங்கிலேயர் ஆட்சியில் ராவ் பகதூர், திவான் பகதூர், கான் பகதூர், சர் எனப் பட்டங்கள் பெருகின. புத்தாண்டு நாளிலும் மன்னரின் பிறந்த நாளிலும் பட்டியல் வெளிவரும். மாவட்டக் கலெக்டர் மேலே எழுதுவார், மாகாண அரசு சீர்தூக்கும், வைசிராய் ஒப்புவார். எனவே, பட்டம் விரும்பியோர் மக்களைப் பார்ப்பதை விடுத்துக் கலெக்டரின் முகத்தைப் பார்த்தனர். பாலம் கட்டியவரும் பட்டம் பெற்றார். பங்களாவில் விருந்து வைத்தவரும் பட்டம் பெற்றார்.

ஆயினும் அக்காலத்திலேயே பொதுத் தொண்டுக்கென்று தனியே ஒரு பதக்கம் தோன்றியது. அதுவே 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் விக்டோரியா மகாராணியார் ஏற்படுத்திய கைசர்-இ-ஹிந்த் பதக்கமாகும். இனம், தொழில், பதவி, ஆண் பெண் என்னும் வேறுபாடு பாராது, இந்தியாவில் பொது நலனுக்குச் சிறந்த பணி ஆற்றியோர்க்கு இது வழங்கப்பட வேண்டும் என்பது விதி.

இப்பதக்கத்தைப் பெற்றோர் மூவரை நினைவுகூர்ந்தால் போதும். விருது என்பதன் மூன்று முகங்களை அறிந்துகொள்ளலாம்.

முதலாமவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். இளம் விதவையாகிய அவர் 1911-இல் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளுள் ஒருவரானார். தம்மைப் போன்று விதவையரான சிறுமியர்க்கு இல்லம் அமைத்துக் கல்வி அளித்தார். ஊராரின் ஏச்சுக்கு ஆளாகிய அத்தொண்டுக்கு 1920-இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. விடுதலைக்குப் பின் 1958-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. இகழப்பட்ட ஒரு பணிக்குக் கவசமாக நின்று காத்தது இங்கே பொது மதிப்பு.

இரண்டாமவர் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பெண் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1919-இல் பதக்கப் பட்டியலில் தம் பெயர் வந்ததை அறிந்து அவர் மகிழவில்லை, மறுக்கவே எண்ணினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் மறுக்காது விட்டார்; ஆயினும் சென்னையில் நடந்த வழங்கு விழாவுக்குச் செல்லவில்லை. தம் கல்லறை மேல் கல் நாட்டலாகாது என்றும் சொல்லிச் சென்றார். 1951-இல் அவர் மறைந்த பின், பறவைகள் நீர் பருகும் ஒரு தொட்டியை அங்கு வைத்து, அன்னை என்று பொருள்படும் ஒரே சொல்லை அதில் பொறித்தனர் அவர் வளர்த்த மக்கள். தொண்டரின் நாணத்தை மதிக்கவேண்டும் என்பது இங்கே பாடம்.

மூன்றாமவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் ஆற்றிய மனிதநேயப் பணிக்காக 1915-இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கப்பட்டது. 1920 ஆகஸ்டு 1-ஆம் நாள், ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய வேளையில், தம் போர்க்காலப் பணிப் பதக்கங்கள் இரண்டையும் சேர்த்து அதை வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார். அதற்கு முந்திய ஆண்டில், சாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து இரவீந்திரநாத தாகூர் சர் பட்டத்தைத் துறந்தார். தருபவரின் கை தூய்மையாக இல்லாதபோது, பெற்ற பரிசைத் திருப்பித் தருவதே தொண்டின் மானம் என அவர்கள் காட்டினர்.

உரோமையின் பதக்கங்கள்

யூபிலி மலராதலின், யூபிலியால் பிறந்த ஒரு பதக்கத்தையும் ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் குருத்துவப் பொன்விழாவை முன்னிட்டு 1888-ஆம் ஆண்டில், திருச்சபைக்கும் திருத்தந்தைக்கும் ஆற்றிய பணிக்கெனச் சிலுவைப் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தினார். 1898-இல் அது நிலையான விருதாயிற்று. முன்னர்ப் படைவீரர்க்கு வழங்கப்பட்டுவந்த பெனெமெரெந்தி என்னும் பதக்கம், 11-ஆம் பத்திநாதர் காலத்தில், 1925 முதற்கொண்டு, படை சாராத குருக்கள், பொதுநிலையினர் ஆகியோர்க்கும் உரியதாயிற்று. தகுதியுடையோர்க்கு என்பதே அச்சொல்லின் பொருள்.

இவற்றுக்கான பரிந்துரை கீழிருந்தே மேலே செல்லுகிறது. பங்கிலே ஒருவர் ஆற்றிய பணியை எழுத்தில் வடித்து ஆயரிடம் அளிக்க, ஆயர் ஒப்புதல் தர, திருத்தந்தையின் தூதரகம் வழியாக அது உரோமைச் செயலகத்தை அடைகிறது. கோயிற்பிள்ளையோ பாடகர் குழுத் தலைவரோ உபதேசியாரோ எவராயினும், பங்கில் ஒருவர் எழுதத் தொடங்காவிட்டால் உரோமையில் எவரும் அறியப் போவதில்லை.

பட்டம் ஒழிந்தது, விருது பிறந்தது

1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம், அதன் 18-ஆம் பிரிவால், படை மற்றும் கல்வித் துறைச் சிறப்புகள் நீங்கலாக, அரசு எவர்க்கும் பட்டம் வழங்குவதைத் தடை செய்தது. ராவ் பகதூர்களின் காலம் முடிந்தது. குடிமக்கள் யாவரும் நிகர் என்னும் நாட்டில், பெயருக்கு முன்னால் ஒட்டும் பட்டம் மனிதரை மேலோர் கீழோர் எனப் பிரித்துவிடும் என்று அஞ்சினர் சட்டம் வகுத்தோர்.

ஆயினும் நற்பணியைப் பாராட்டாத நாடும் நல்ல நாடாகாது. எனவே 1954 சனவரி 2-ஆம் நாள் பாரத ரத்னாவும் பத்ம விபூஷணும் ஏற்படுத்தப்பட்டன. பத்ம விபூஷண் முதலில் மூன்று வகுப்புகளாக இருந்து, 1955 சனவரியில் பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ எனப் பெயர் மாற்றம் பெற்றது. முதல் பாரத ரத்னா பெற்ற மூவராகிய இராஜாஜி, டாக்டர் இராதாகிருஷ்ணன், சர் சி. வி. இராமன் ஆகிய மூவருமே தமிழ் மண்ணோடு தொடர்புடையோர் என்பது நமக்குப் பெருமை.

அறிஞரும் கலைஞருமே அன்றித் தொண்டரும் இப்பட்டியலில் தொடக்கமுதலே இடம்பெற்றனர். சென்னையில் சேவைச் சங்கத்தின் வழியே எண்ணற்ற இல்லங்களுக்கு உயிரூட்டியவரும், 1952-இல் சமூகப் பணிக் கல்லூரியைத் தோற்றுவித்தவருமான மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1955-இல் பத்மஸ்ரீயும், 1968-இல் பத்ம பூஷணும், 1975-இல் பத்ம விபூஷணும் பெற்றார். அவ்வை இல்லத்தையும் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1956-இல் பத்ம பூஷண் பெற்றார். தாமே தொழுநோயுற்று, பின் தொழுநோயாளரின் நலனுக்காகவே வாழ்ந்த டி. என். ஜகதீசன் 1957-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அன்னை தெரசாவின் வரலாறு இங்கே ஓர் உண்மையை விளக்கும். 1950-இல் அவர் தம் சபையைத் தொடங்கினார். 1962-இல் பத்மஸ்ரீயும், அதே ஆண்டில் பிலிப்பைன் நாட்டு ராமன் மகசேசே விருதும் அவருக்குக் கிடைத்தன. நோபல் பரிசு வந்ததோ 1979-இல். உலகம் காண்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாடு அவரைக் கண்டுகொண்டது. நோபல் விழாவையொட்டி நடக்கும் விருந்தை நிறுத்தி, அதற்காகும் செலவை ஏழைகளுக்கு அளிக்குமாறு அவர் கேட்டார், அவ்வாறே செய்யப்பட்டது. விருதைப் பெறுவதிலும் தொண்டு செய்ய முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இருமுறை நின்ற கதை

பத்ம விருதுகளின் பாதை நேரானதன்று. இவை வேறு பெயரில் வந்த பட்டங்களே என்று கருதிய ஆச்சாரிய கிருபளானி, 1969-இல் இவற்றை ஒழிக்க நாடாளுமன்றத்தில் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது தோல்வியுற்றது. 1977-இல் மொரார்ஜி தேசாய் தலைமையிலான ஜனதா அரசு விருதுகளை நிறுத்தியது. 1980 சனவரியில் அவை மீண்டும் உயிர் பெற்றன. அவ்வாண்டு பாரத ரத்னா அன்னை தெரசாவுக்கு அளிக்கப்பட்டது. விருதுகளை நிறுத்திய மொரார்ஜி தேசாய்க்கே 1991-இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது காலத்தின் விந்தை எனலாம்.

இரண்டாம் முறை தடை வந்தது நீதிமன்றத்தின் வழியே. 1992-இல் உயர்நீதிமன்றங்களில் வழக்குகள் தொடரப்பட்டன. 1993 முதல் சில ஆண்டுகள் பத்ம விருதுகள் வழங்கப்படவில்லை. 1995 டிசம்பர் 15-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விருதுகள் 18-ஆம் பிரிவு தடை செய்யும் பட்டங்கள் அல்ல. ஆயினும் அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்தல் கூடாது. தேர்வில் கண்டிப்பும் வரைமுறையும் வேண்டும் என்பதே அதன் சாரம். திருமண அழைப்பிதழிலும் கடிதத் தலைப்பிலும் விருதின் பெயரைத் தம் பெயரோடு ஒட்டிக்கொள்வோர் இத்தீர்ப்பை அறிதல் நலம். விருது செயலுக்கு உரியது, பெயருக்கு உரியதன்று.

இவ்வழக்குகளும் விவாதங்களும் வீண்போகவில்லை. யார் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு பேரை, எந்த அளவுகோலால் என்னும் கேள்விகள் அவற்றால் தெளிவு பெற்றன. இன்று அமைச்சரவைச் செயலாளரின் தலைமையில் ஆண்டுதோறும் அமைக்கப்படும் குழு பரிந்துரைகளைச் சீர்தூக்குகிறது. மறைந்தோர்க்கும் அயல்நாட்டில் வாழ்வோர்க்கும் அளிப்பவை நீங்கலாக, ஆண்டொன்றுக்கு 120-க்கு மேல் வழங்குவதில்லை. மருத்துவரும் அறிவியலாளரும் நீங்கலாகப் பணியிலிருக்கும் அரசு ஊழியர்க்கு இவை உரியன அல்ல. பணமுடிப்பு எதுவும் கிடையாது; குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சான்றும் ஒரு பதக்கமும் மட்டுமே.

மக்கள் கைக்கு வந்த எழுதுகோல்

நெடுங்காலம் மாநில அரசுகளும் அமைச்சர்களும் துறைகளும் அனுப்பிய பெயர்களே பெரிதும் பேசப்பட்டன. 2016-ஆம் ஆண்டில் இணையத்தின் வழியாக எந்தக் குடிமகனும் எவரையும் பரிந்துரைக்கலாம் என்னும் ஏற்பாடு வந்தது. கலெக்டரின் மேசையிலிருந்த எழுதுகோல் குடிமக்களின் கைக்கு வந்தது இவ்வாறே.

அதன் பின் வெளிவந்த பட்டியல்களில் நாம் அதுவரை கேட்டிராத பெயர்கள் தோன்றலாயின. மங்களூர்ப் பேருந்து நிலையத்தில் ஆரஞ்சுப் பழம் விற்றுச் சேர்த்த காசில் தம் ஊரில் பள்ளி எழுப்பிய ஹரேகள ஹஜப்பா 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் பத்மஸ்ரீ பெற்றார். கருநாடகத்தில் ஆயிரமாயிரம் மரக்கன்றுகளை வளர்த்த துளசி கௌடா அம்மையாரும் அதே பட்டியலில் இடம்பெற்று, வெறுங்காலோடு குடியரசுத் தலைவர் மாளிகையில் நடந்து சென்று விருது பெற்ற காட்சியை நாடே கண்டது. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில், விபத்தால் உடல் செயலிழந்த நிலையிலும் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, மாற்றுத் திறனாளிகளுக்குப் பணியாற்றிவரும் எஸ். இராமகிருஷ்ணனும் அவ்வாண்டில் சிறப்பிக்கப்பட்டார். 2023-இல் செங்கல்பட்டுப் பகுதி இருளர் இனத்துப் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றனர்.

மதுரை மாவட்டத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாளின் கதை இவ்வேற்பாட்டுக்கும் முந்தியது. கூலி வேலை செய்துவந்த அவர், களஞ்சியம் என்னும் சிறுசேமிப்பு இயக்கத்தின் வழியே ஏழைப் பெண்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்க உழைத்தார். ஸ்திரீ சக்தி விருது வழங்கும் மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. எழுதப் படிக்க அறியாத அவ்வம்மாள் தமக்காகத் தாமே விண்ணப்பம் எழுதியிருக்க முடியாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொண்டின் தகுதி அவருடையது. அதை எழுத்தாக்கும் கடமை எழுத்தறிந்தோர் உடையது.

இங்கேதான் கவலையும் பிறக்கிறது. யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம் என்னும்போது, தம்மைத் தாமே பரிந்துரைத்துக் கொள்ளவும் வழி உண்டு. நாவன்மை மிக்கோரும் ஆள்பலம் உடையோரும் தம் விண்ணப்பங்களை நூறு கைகளால் அனுப்புவர். எளிய தொண்டருக்காக எழுதும் கை ஒன்றேனும் எழாவிட்டால், கதவு திறந்திருந்தும் அவர் வெளியேதான் நிற்பார். கதவைத் திறந்தது அரசு. கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வது நம் பொறுப்பு.

சங்கங்களுக்கு உரிய இடம்

மற்றொன்றும் கருதத் தக்கது. தனி ஒருவரால் நிகழும் தொண்டு சிறிது. கூடிச் செய்யும் தொண்டே பெரிது. பத்ம விருதுகளோ தனி மனிதருக்கே உரியன. மேற்சொன்ன இருளர் இருவரின் திறன், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தோடு பிணைந்தது. பாம்பின் நஞ்சை எடுத்து, உயிர் காக்கும் மருந்துக்கு அளித்து, பாம்பை மீண்டும் காட்டிலே விட்டுவிடும் அச்சங்கத்தார் அனைவரும் அவ்விரு பதக்கங்களில் தம் முகத்தைக் கண்டிருப்பர்.

அமைப்புகளையே சிறப்பிக்கும் விருதுகளும் உண்டு. 1995-இல் இந்திய அரசு ஏற்படுத்திய காந்தி அமைதிப் பரிசு தனி மனிதர்க்கும் நிறுவனங்களுக்கும் உரியது. 1998-இல் இராமகிருஷ்ண மிஷனும், 2015-ஆம் ஆண்டுக்குக் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரமும் அதைப் பெற்றன. 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டின்போது 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், தன் வெள்ளி விழாவை ஒட்டி 1993–94-இல் சிறந்த தொண்டர்க்கும் சிறந்த கல்லூரி அணிகளுக்கும் விருதுகளை ஏற்படுத்தியது.

பிரித்தானியாவிலும் 2002-இல் அரசி எலிசபெத்தின் பொன்விழாவை முன்னிட்டுத் தன்னார்வக் குழுக்களுக்கென்றே ஒரு விருது தோன்றியது. இன்று அது மன்னர் பெயரால் வழங்கப்படுகிறது. அதிலே ஒரு விதி நமக்குப் பிடித்தமானது: குழுவில் பணியாற்றுவோர் தம் குழுவைத் தாமே பரிந்துரைக்கலாகாது. வெளியிலிருந்து பார்த்த ஒருவரே சொல்லவேண்டும். எட்டிப் பார்த்தவரின் சாட்சி என்று நாம் தொடக்கத்தில் குறித்தது இதனையே.

ஆளையும் அமைப்பையும் ஒருங்கே போற்றியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் தஞ்சைத் தரணியிலேயே உண்டு. 1968-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் கீழ்வெண்மணியில் 44 ஏழை உயிர்கள் தீயில் கருகின. அத்துயரின் பின் அப்பகுதிக்கு வந்து, நிலமற்ற பெண்களுக்கு நிலம் பெற்றுத் தரும் பணியில் இறங்கினர் சங்கரலிங்கம் ஜகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும். 1981-இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி என்னும் உழுவோர் நில விடுதலை இயக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கச் செய்தது. 2008-இல் சுவீடன் நாட்டு வாழ்வுரிமை விருது கணவர், மனைவி, இயக்கம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே அளிக்கப்பட்டது. மாற்று நோபல் எனப்படும் அவ்விருதுக்கு உலகில் எவரும் எவரையும் பரிந்துரைக்கலாம். கிருஷ்ணம்மாள் 1989-இல் பத்மஸ்ரீயும் 2020-ஆம் ஆண்டில் பத்ம பூஷணும் பெற்றார்.

எழுதுவோர்க்குச் சில சொற்கள்

பரிந்துரை எழுதுவது பாராட்டுப் பா இயற்றுவது அன்று. பத்ம விருதுக்கான பணிக் குறிப்பு 800 சொற்களுக்குள் அமைய வேண்டும் என்பது விதி. அதில் அடைமொழிகளுக்கு இடமில்லை. எடுத்துக்காட்டாக, அயராது உழைக்கும் தியாகச் செம்மல் என்று எழுதினால் படிப்பவர்க்கு ஒன்றும் விளங்காது. பதினெட்டு ஆண்டுகளாக வியாழன்தோறும் அரசு மருத்துவமனைக்குச் சென்று, உறவினர் அற்ற நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்து, அவர்களின் துணிகளைத் துவைத்துத் தருகிறார் என்று எழுதினால் மனிதரே கண்முன் வந்து நிற்பார்.

எனவே ஆண்டுகளைக் குறியுங்கள், இடங்களைக் குறியுங்கள், பயன்பெற்றோரின் எண்ணிக்கையைக் கூட்டாமலும் குறைக்காமலும் குறியுங்கள். அவர் வருவதற்கு முன் நிலைமை எவ்வாறிருந்தது, பின் எவ்வாறு மாறியது என்று சொல்லுங்கள். நேரில் கண்ட இருவர் மூவரின் சாட்சியைப் பெறுங்கள். பயன்பெற்ற ஏழையின் சொல், பதவியிலிருப்பவரின் நற்சான்றினும் வலிமை உடையது.

சங்கங்கள் தம் கூட்டக் குறிப்பேட்டையும் வரவு செலவுக் கணக்கையும் ஒழுங்காகப் பேணவேண்டும். இருபது ஆண்டுத் தொண்டை மெய்ப்பிக்க ஒரு துண்டுத் தாளும் இல்லாது தவிக்கும் சங்கங்கள் பல. கணக்கு எழுதுவதும் தொண்டின் ஒரு பகுதியே.

பெண்களையும் ஒடுக்கப்பட்டோரையும் மறவாதீர்கள். மேடையில் நிற்பவர் ஆணாகவும், அடுப்படியில் நூறு பேருக்குச் சமைப்பவர் பெண்ணாகவும் இருப்பது நம் வழக்கமாகிவிட்டது. பட்டியல் எழுதும்போது அடுப்படியிலிருந்து தொடங்குங்கள். ஏமி அம்மையாரைப் போல் நாணுபவர் இருப்பராதலின், எழுதுமுன் உரியவரின் மனமறிந்து எழுதுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு பொன்னாடையும் கேடயமும் வழங்கும் கூட்டங்கள் பெருகிவிட்ட காலம் இது. விலைக்கு வாங்கிய விருது, வாங்கியவரின் முன்னைய நற்பெயரையும் கெடுத்துவிடும். அத்தகைய அழைப்பு வந்தால் விலகுங்கள்.

பெரிய விருதுகளை மட்டும் நோக்கவும் வேண்டாம். நீரிலும் நெருப்பிலும் பிறர் உயிரைக் காத்தோர்க்கு 1961 முதல் ஜீவன் ரக்ஷா பதக்கம் உண்டு. மத நல்லிணக்கத்துக்காகத் தமிழக அரசு வழங்கும் கோட்டை அமீர் பதக்கம் உண்டு. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் மாவட்ட அளவில் வழங்கும் நற்சான்றுகள் உண்டு. கடலில் தத்தளித்தவரைக் கரை சேர்த்த மீனவரும், கலவர நேரத்தில் அண்டை வீட்டாரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த குடும்பமும் நம் ஊர்களில் இல்லாமற் போகவில்லை. அவர்களைப் பற்றி எழுதுவோர்தாம் இல்லை.

பரிந்துரைத்த அனைவர்க்கும் விருது கிடைக்கப் போவதில்லை. ஆயிரக்கணக்கான பெயர்களிலிருந்து நூற்றிருபதே தேறும். அதனால் எழுதியது வீணாயிற்று என்று கருதற்க. ஒரு தொண்டரின் வாழ்வை ஆண்டும் நாளும் இட்டு ஒருவர் எழுதி முடித்துவிட்டால், அவ்வெழுத்து ஊரின் சொத்தாகிவிடுகிறது. நாளைக்கு வரலாறு எழுதுவோர்க்கு அது கல்வெட்டாகிறது. எடத்தனூர் மக்கள் ஒரு நாய்க்கு எழுதிய நன்றி பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்திருக்கிறது. நம்மோடு வாழ்ந்து நமக்காக உழைத்தவர்க்கு நாம் எழுதாமல் விட்டால், நம் பேரப்பிள்ளைகள் நன்கொடையாளர் பட்டியலை மட்டுமே படித்து, இவ்வூர் பணத்தால் மட்டுமே எழுந்தது என்று எண்ணிக்கொள்வர்.

ஆகவே இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டில் ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளட்டும். ஒரு பக்கமேனும் எழுதட்டும். எழுதியதன் ஒரு படியைச் சங்கக் குறிப்பேட்டில் சேர்த்து வைக்கட்டும். மற்றொரு படி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ தில்லிக்கோ செல்லட்டும்.